நீ வேண்டாம் என்ற சரிவுப் பாதை

இன்று காலை பட்டறைக் கதவைத் திறந்ததும் இருக்கைச் சீட்டு ஒட்டுகிற மஞ்சள் பசையின் வாடை முகத்தில் வந்து மோதியது. நேற்று யாரோ டப்பாவைச் சரியாக மூடாமல் போயிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது தலைவலி கொடுக்கிற வாடை. எனக்கு அது நீ. உன் சட்டையில், உன் கைப்பையில், நீ வாங்கி வரும் நாசி லெமாக் பொட்டலத்தில்கூட அந்த வாடைதான் இருக்கும். டப்பாவை மூடிவிட்டு, ஜன்னலைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று வேறு யார் உனக்குச் சொல்லப் போகிறார்கள்?

நீ இருந்தால் இந்நேரம் பொறுமை இழந்திருப்பாய். "சுத்தி வளைக்காதடி. என்ன முடிவாச்சு, அத மொதல்ல சொல்லு" என்பாய். சொல்கிறேன். ஆனால் என் வழியில்தான் சொல்வேன். இந்தத் தடவை நீ குறுக்கே பேச முடியாது.

நாம் பழகியது கடலைக் கடக்கும் பெர்ரியில். நான் பிறையில் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போவேன். நீ ஜுருவில் கார், வேன் என்று காடிகளுக்குச் சீட்டு தைக்கும் கடைக்கு. தினமும் ஒரே நேரத்துப் பெர்ரி, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் அதே தளம். பல மாதம் தலையாட்டியதோடு சரி. மழைக்காலத்தில் ஒருநாள் நீயாகவே என்னிடம் வந்தாய். என் மோட்டார் சீட்டு கிழிந்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்து உப்பிப் போயிருந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"இது சீட்டா, பாத்திரம் கழுவுற பஞ்சா?"

"மாத்தணும்க்கா. நேரமே கெடைக்கல."

"அக்காவா? ஒனக்கும் எனக்கும் ஒரே வயசுதான் இருக்கும் லா. வேல முடிஞ்சதும் கடைக்கு ஓட்டிட்டு வா."

கறுப்புச் சீட்டுக்கு ஓரமெல்லாம் சிவப்புக் கோடு வைத்துத் தைத்துக் கொடுத்தாய். எனக்கு அந்தச் சிவப்பு கூச்சமாக இருந்தது. "யாராச்சும் உன் மோட்டாரத் தூக்கிட்டுப் போனா சீட்ட வச்சே புடிச்சிடலாம்" என்றாய். அந்த மோட்டாரை விற்கும்வரை அந்தத் தையல் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

நாம் இருவரும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இந்தப் பட்டறை வந்தது. லிம் ஆண்ட்டியின் கணவர் நாற்காலி, மேசை பழுது பார்த்த இடம் இது. அவர் போன பிறகு கருவிகளை விற்க ஆண்ட்டிக்கு மனம் வரவில்லை. பக்கத்துத் தெருக்காரர்களிடம், "சும்மா துருப்பிடிச்சுப் போறதுக்கு நீங்க வந்து வேல செய்ங்க" என்று சொல்லிவிட்டு, தான் முன்பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பின்பக்கத்தை நமக்குத் திறந்துவிட்டார். வெல்டிங் தெரிந்த சேகர் அண்ணன் தலைவர் ஆனார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரொஸ்லி, மரவேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். என்னை நீ இழுத்துக்கொண்டு வந்தாய். தொழிற்சாலையில் மின்கம்பி பற்றவைத்துப் பழகிய கை என்பதால் மின்விசிறியும் சோற்றுப் பானையும் என் பக்கம் வந்தன. கிழிந்ததெல்லாம் உன் பக்கம்.

பிறகு இனிப்பு நீர் நோய் உன் காலைக் கேட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீ அழுததை நான் ஒரே தடவைதான் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, வாசலில் கிடந்த உன் செருப்பு ஜோடியைப் பார்த்து அழுதாய். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியை அடக்குவதில் இறங்கிவிட்டாய். அதன் சீட்டு உனக்குப் பிடிக்கவில்லை. "இத செஞ்சவன் ஒருநாளும் இதுல உக்காந்திருக்க மாட்டான்" என்று பிரித்துப் போட்டு நீயே புதிதாகத் தைத்துக்கொண்டாய்.

பட்டறைக்கு நீ திரும்பி வந்த நாளில் எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். ஆனால் பின்சந்துக் கதவைத் தாண்டியதும் உள்ளே மூன்று படிகள். மழை வெள்ளம் ஏறாமல் இருக்க அந்தக் காலத்தில் தளத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். சேகர் அண்ணனும் ரொஸ்லியும் உன்னை நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். "பல்லக்கு வருது, வழி விடுங்க!" என்று நீ கத்த, எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரமும் பல்லக்கு. அதற்கு அடுத்த வாரம் நீ வரவில்லை. மழை என்றாய். பிறகு காடி கிடைக்கவில்லை என்றாய். நான் உன் பிளாட்டுக்கு வந்தபோது கட்டிலில் உட்கார்ந்து ஒரு குஷன் உறையைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாய்.

"என்ன மூட்ட மாதிரி தூக்குறாங்கடி" என்றாய், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உள்ள வந்தப்புறமும் கக்கூஸுக்குப் போகணும்னா அங்க ஒரு படி. அதுக்கும் ஒரு ஆம்பளயக் கூப்புடணும். அதுக்கு நான் இங்கயே இருந்துக்கறேன்."

அன்று பஸ்ஸில் திரும்பும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். பட்டறைக்கு ஏதாவது ஒரு பெரிய வேலை செய்யக் கையிருப்பு சேர்ந்திருந்தது. மரத்தூளை உறிஞ்சும் இயந்திரம் வாங்குவதாகத்தான் பேச்சு. சேகர் அண்ணனுக்கு ஆஸ்துமா. ரொஸ்லி மரம் அறுக்கும் நாளில் அவர் இருமிக்கொண்டே இருப்பார். நியாயமான தேவைதான். ஆனாலும் நான் அடுத்த கூட்டத்தில் சரிவுப் பாதை வேண்டும் என்று கேட்டேன். கழிப்பறைப் படியையும் எடுக்க வேண்டும் என்றேன்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். சந்தில் குப்பை லோரி போக வேண்டும். வெளியே சரிவு கட்ட முடியாது. உள்ளேதான் சுவர் ஓரமாக நீளத்துக்கு வர வேண்டும். அந்தச் சுவர் ஓரத்தில்தான் லிம் ஆண்ட்டியின் கணவர் தன் கையால் செய்த நீண்ட மேசை நின்றது. கால்களைச் சிமெண்டில் புதைத்து வைத்திருந்தார். ரொஸ்லி தன் மரவேலையெல்லாம் அதன்மேல்தான் செய்வார்.

அந்தக் கூட்டத்துக்கு நீ வந்திருந்தாய். நீ ஆதரித்துப் பேசத்தான் வந்திருக்கிறாய் என்று நான் நம்பினேன். நீ கையைத் தூக்கி, "எனக்கு இது வேணாம்" என்றாய்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"ஒரு ஆளுக்காக அந்த மனுஷன் செஞ்ச மேசைய ஒடைக்கிறதா? சேகர் அண்ணன் இருமுறது எங்க பிளாட் வரைக்கும் கேக்குது. மொதல்ல தூசி மெஷின் வாங்குங்க. நான் வீட்ல தைச்சுக் குடுத்து அனுப்புறேன்."

 நீயே வேண்டாம் என்ற பிறகு எங்களுக்கு என்ன இருக்கிறது என்பதுபோல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கூட்டம் அத்தோடு முடிந்திருக்கும். ரொஸ்லிதான் எழுந்தார். அவர் பேசியது மலாயில். நான் என் தமிழில் எழுதுகிறேன். "வேலை பார்த்த காலமெல்லாம் நான் ஆட்களைத் தூக்கியிருக்கிறேன். தூக்கப்படுகிறவர்கள் முகம் எனக்குத் தெரியும். அக்கா பல்லக்கு என்று சொல்லிச் சிரிக்கிறார். அது சிரிப்பு இல்லை. இனி நான் அவரைத் தூக்க மாட்டேன். மேசையை எடுத்துக்கொள்ளுங்கள்."

"எனக்குப் பரிதாபப்பட வேணாம் ரொஸ்லி" என்றாய் நீ.  பிறகு என் பக்கம் திரும்பினாய். "எனக்காகன்னா வேணாம்."

இது எல்லோருக்கும் பயன்படும், வயதாகப் போகிற எல்லோருக்கும் நல்லது என்றெல்லாம் சொல்ல வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஒனக்காகத்தான்டி" என்றேன். "ஒனக்காகன்னா என்ன தப்பு? நீ இங்க வேணும். நீ இல்லாம இந்த எடம் நல்லாவே இல்ல. அதுக்குத்தான் கேக்குறேன்."

அப்போது லிம் ஆண்ட்டி தன் நாற்காலியிலிருந்தே, "மேசையை ஏன் உடைக்கணும்? அறுத்து ரெண்டாக்குங்க. ஒண்ணு ரொஸ்லிக்கு. இன்னொண்ணு காலைக் குட்டையாக்கி இவளுக்கு. அவர் இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பார்" என்றார். சேகர் அண்ணன் முகமூடியை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, "தூசி மெஷினுக்கு நான் காத்திருக்கேன். அதுவரைக்கும் இது இருக்கு" என்றார். கைகள் உயர்ந்தன. உன் கை மட்டும் மடியிலேயே இருந்தது. எண்ணி முடிக்கும்வரை சும்மா இருந்துவிட்டு, "சரி, தோத்துட்டேன்" என்றாய். "ஆனா சரிவு எப்படி இருக்கணும்னு நான்தான் சொல்லுவேன்."

சொன்னாய். எங்களைப் பாடாய்ப் படுத்தினாய். பலகையை வைத்து ரொஸ்லி போட்ட முதல் சரிவில் நீ இறங்கிப் பார்த்ததும் நேராகப் போய்க் கதவில் முட்டினாய். "இது சறுக்குமரமா? புள்ளைங்க வெளையாடவா?" என்று கத்தினாய். இன்னும் நீளமாக்கினார்கள். திரும்பும் இடம் போதவில்லை என்றாய். கைப்பிடி உயரம் தப்பு என்றாய். சேகர் அண்ணன் கைப்பிடியை வெட்டி மறுபடி பற்றவைத்தார். எல்லாம் முடிந்து, யாரும் தொடாமல், நீயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்த மதியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. யாரையும் பார்க்காமல் நேராகக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். வெளியே வந்து, "யாராச்சும் ஒரு கப் தே ஓ போடுங்க. நான் எவ்ளோ வேணும்னாலும் குடிப்பேன் இப்ப" என்றாய். சேகர் அண்ணன் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சந்தில் காடிக்குக் காத்திருந்தபோது என்னிடம் மட்டும் சொன்னாய்: "கேக்காம இருக்கறது நல்ல கொணம்னு நெனச்சிட்டு இருந்தேன்டி. அது வெறும் திமிரு."

அதற்குப் பிறகு உன் குட்டை மேசை எப்படி நிறைந்து போனது என்று நினைத்துப் பார். தாசேக் கெலுகோரிலிருந்து ஓர் அம்மா தன் வளர்ந்த மகனைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு வந்தாரே, எங்கேயோ கேள்விப்பட்டு. அவனுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து புண். நீ அவனிடம் எங்கே அழுத்துகிறது, எப்படிச் சாய்வாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஸ்பாஞ்சைக் குடைந்து, அழுத்துகிற இடத்தில் வெற்றிடம் விட்டு ஒரு குஷன் தைத்துக் கொடுத்தாய். சீட்டு ஓரத்தில் என்ன நிறம் வேண்டும் என்றும் கேட்டாய். அவன் மஞ்சள் என்றான். புண் ஆறிவிட்டது என்று அந்த அம்மா போன் செய்த பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காடி சீட்டு தைத்த காலத்தில்கூட இத்தனை வேலை இல்லை என்று நீ புலம்புவாய். புலம்பும்போது உன் முகம் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா?

ஒரு காலையில் உன் தம்பி மனைவி போன் செய்தாள். கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோதே உன் இதயம் நின்றுவிட்டது. மேசையில் பாதி தைத்த குஷன் இருந்தது. அதை நானும் ரொஸ்லியும் சேர்ந்து முடித்து உரியவரிடம் கொடுத்தோம். தையல் உன்னுடையதைப் போல நேராக இல்லை. 

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கையிருப்பு மறுபடி சேர்ந்திருக்கிறது. இந்தத் தடவை தூசி இயந்திரம்தான் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. கவிதா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். பொறியாளர், கெட்டிக்காரி, கைக்குழந்தைக்காரி. உன்னை அவள் பார்த்ததில்லை. இடத்தையெல்லாம் அளந்து படம் வரைந்து கொண்டுவந்திருந்தாள்.

"அந்த ரேம்ப் எடுத்துட்டா மெஷின் அங்க அழகா உக்காந்துக்கும்" என்றாள். "யூஸ் பண்ணவங்க இப்ப இல்லைன்னு சொன்னாங்க. குட்ட மேசையயும் ஸ்டோர்ல வச்சிடலாம். சேகர் அங்கிளுக்கு இதுக்கு மேல தள்ளிப் போடக் கூடாது லா."

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. சேகர் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உனக்காக அத்தனை காலம் விட்டுக்கொடுத்த மனிதர். தனக்கு வேண்டும் என்றும் அவரால் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. யாரோ ஒருவர், "எடுக்கக் கூடாது, அது அக்கா ஞாபகம்" என்றார். இன்னொருவர் உன் பெயர் போட்டு ஒரு பலகை மாட்டலாம் என்றார். தலைகள் ஆடின. என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து வேண்டாம் என்றேன். "பேரு போட்ட பலகை அவளுக்கு அறவே ஆகாது. ஞாபகத்துக்கு வைக்கிறதா இருந்தா இப்பவே எடுத்துடுங்க. எடம் மிச்சம்."

 கவிதாவுக்கே சங்கடமாகிவிட்டது. நான் அவளிடம் கேட்டேன்: "கவிதா, ஒன்ன குத்தம் சொல்லலம்மா. இன்னிக்கு எப்படி உள்ள வந்தே?"

"எப்படின்னா? கதவுலதான்க்கா."

"அப்புறம்?"

அவள் பக்கத்தில் நின்ற தள்ளுவண்டியைப் பார்த்தாள். குழந்தை அதில் தூங்கிக்கொண்டிருந்தது. சந்திலிருந்து அதைச் சரிவில் தள்ளிக்கொண்டுதான் ஏறி வந்திருந்தாள். போன ஞாயிறும், அதற்கு முந்தைய ஞாயிறும் அப்படித்தான். "அலாமாக்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ரொஸ்லி சிரிக்க ஆரம்பித்தார். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஃப்ரிட்ஜ் அதில்தான் ஏறுகிறது. சோபா அதில்தான் ஏறுகிறது. லிம் ஆண்ட்டி தான் பிடித்து நடக்கும் நடைவண்டியைத் தட்டிக் காட்டினார். "அந்த மெஷினே அதுலதானே மேல வரணும்?" என்றார் சேகர் அண்ணன். யாரும் அதைச் சரிவு என்று நினைக்காத அளவுக்கு எல்லோரும் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சிரிப்பு அடங்கியதும் நான் சேகர் அண்ணனிடம் திரும்பினேன். "ரேம்ப் இருக்கும். ஆனா மெஷினும் இந்த மாசமே வரணும். அண்ணே, நீங்க வாயத் தொறந்து கேளுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "மூச்சு விட முடியல வசந்தா. ராத்திரியில ரொம்பக் கஷ்டமா இருக்கு." அதை அவர் எங்களிடம் சொன்னது அதுதான் முதல் முறை.

கவிதா உடனே தன் படத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள். நடுவில் இருக்கும் திறந்த முற்றத்தில் இயந்திரத்தை வைத்து, மேலே ஒரு சின்னக் கூரை போட்டு, குழாயை உத்தரத்தோடு கொண்டுவந்துவிடலாம். சத்தமும் வெளியே போய்விடும் என்றாள். முற்றத்தில்தான் லிம் ஆண்ட்டி துணி காயப் போடுவார். ஆண்ட்டி கொஞ்சம் யோசித்தார். "என் துணிக்கொடியை ரொஸ்லி மாடிக்கு மாத்திக் கொடுத்தா சரி" என்றார். ரொஸ்லி அங்கேயே அளவு எடுக்கப் போய்விட்டார். குட்டை மேசை அதே இடத்தில் இருக்கும். தாசேக் கெலுகோர்ப் பையன் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வந்து அதில் தைக்கிறேன் என்று கேட்டிருக்கிறான்; அதற்கும் சரி என்றார்கள். அவனுக்கு ஏற்கெனவே உன்னைவிட வாய் நீளம்.

கடைசியில் சேகர் அண்ணன் வழக்கம்போல, "வேற யாருக்காச்சும் ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்தாலே நாற்காலிகளை மடக்க ஆரம்பித்துவிடுவோம். அன்று நான் கையைத் தூக்கினேன்.

நீ போனதிலிருந்தே எனக்கு மெல்லிய கம்பிகள் சரியாகத் தெரிவதில்லை. பற்றவைக்கும்போது கை சுட்டுக்கொண்ட தழும்புகளை மறைத்துக்கொண்டு வந்தேன். பேசாமல் வருவதை நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்திருக்கிறேன். முழங்கால் வலி என்றோ மழை என்றோ சொல்லிக்கொள்ளலாம்.

"எனக்குக் கண்ணு மங்குது" என்றேன். "பெருசாக் காட்டுற கண்ணாடி வச்ச வெளக்கு ஒண்ணு வேணும். இல்லாட்டி என்னால வேல செய்ய முடியாது."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் சேகர் அண்ணன். கைகளைக்கூட எண்ணவில்லை.

விளக்கு நேற்று வந்துவிட்டது. அதை மேசையில் பொருத்தி, அதன் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என் கையெழுத்து பெரிதாக, கோணலாக, தெளிவாகத் தெரிகிறது. உன்னிடமிருந்து நான் பெற்றுக்கொண்டது தையல் இல்லை, அது எனக்குக் கடைசிவரை வரவே இல்லை. வேண்டும் என்பதை நாலு பேர் முன்னால் வேண்டும் என்று சொல்கிற வாய்தான் வந்திருக்கிறது. அதை இனி நான் மூடப் போவதில்லை.

சந்தில் லோரி சத்தம். யாரோ ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தை இறக்குகிறார்கள். போய் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட வேண்டும்.